முள்ளும் கொடியும் மூடிய நிலம்: லண்டனில் ஓர் அலொட்மென்ட் துண்டின் முதல் இரண்டு ஆண்டுகள்

கைவிடப்பட்டுக் களை மூடிய நிலத்தைக் கையேற்பவர் முதல் மாதத்தில் செய்யும் வேலை, அடுத்த நான்கைந்து ஆண்டுகளுக்கு அந்த நிலம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. இங்கே விவரிக்கும் நிகழ்வு அதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. ஒரே துண்டு நிலம், ஒரே மண், ஒரே களைகள். சூழ்நிலை காரணமாக அதன் மூன்று கூறுகளும் மூன்று விதமாகக் கையாளப்பட்டன. இரண்டு கோடைகளுக்குப் பின் அந்த மூன்றும் மூன்று வேறு தோட்டங்களாக நின்றன. அந்த நிலம் இருப்பது ஓர் அலொட்மென்ட் வளாகத்தில், அதாவது குடும்பங்கள் காய்கறி விளைவிக்க வாடகைக்கு விடும் துண்டு நிலங்களின் தொகுதியில். அதே வளாகத்தில் பல ஆண்டுகளாகத் தோட்டம் செய்பவன் என்ற முறையில் தொடக்கம் முதல் அருகிலிருந்து பார்த்ததை, புதிதாக நிலம் எடுப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

நிலமும் சட்டமும்

வளாகம் லண்டனின் வடமேற்குப் புறநகரில் இருக்கிறது. ஹரோ, வெம்பிளி பக்கங்களில் வாழும் இலங்கைத் தமிழர்களில் பலர் அலொட்மென்ட் வைத்திருக்கிறார்கள். தண்டுக்கீரை, வெந்தயக்கீரை, பூசணி, உருளைக்கிழங்கு, கண்ணாடிக் கூடாரத்துக்குள் பச்சை மிளகாய் என்று ஒவ்வொரு துண்டும் ஒரு வீட்டுச் சமையலறையைச் சொல்லிவிடும். இந்த நிகழ்வின் குடும்பத்தில் மூவர் முக்கியம்: வேலைக்குப் போகும் கணவனும் மனைவியும், அவர்களோடு வசிக்கும் மாமனாரும். மாமனார் யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் செய்து வளர்ந்தவர்.

முழு அலொட்மென்ட் என்பது பழைய அளவில் 10 ரொட், அதாவது ஏறத்தாழ 250 சதுர மீட்டர். காத்திருப்போர் பட்டியல் நீண்டுவிட்டதால் இன்று பல இடங்களில் பாதித் துண்டுதான் கொடுக்கிறார்கள். இவர்களுக்குக் கிடைத்ததும் 5 ரொட், சுமார் 125 சதுர மீட்டர். முன்பு வைத்திருந்தவர் நோயுற்று வரமுடியாமல் போய், நிலம் சில ஆண்டுகள் அப்படியே கிடந்தது. புதியவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட நிலம்தான். நல்ல நிலையில் உள்ள துண்டை யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

அவசரத்துக்கான காரணம் சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் இருக்கிறது. 1908ஆம் ஆண்டின் சட்டம் அலொட்மென்ட் நிலம் வழங்கும் கடமையை உள்ளாட்சி மன்றங்கள் மேல் வைத்தது. 1922ஆம் ஆண்டின் சட்டம், அலொட்மென்ட் தோட்டம் என்பது முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ குடும்ப உணவுக்கான காய்கறியும் பழமும் விளைவிக்கும் நிலம் என்று வரையறுத்தது. எனவே பயிரிட்டே ஆகவேண்டும் என்பது வாடகை ஒப்பந்தங்களில் தவறாமல் இருக்கும். பயிரிடாத நிலத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும், அதன் பின் நிலம் பறிபோகும். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய நிலத்தை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் புதியவர்கள் உழவு இயந்திரத்தைக் கூப்பிடுகிறார்கள்.

முதலில் என்ன இருந்தது

அக்டோபரில் சாவி வாங்கியபோது நிலத்தின் பாதியைப் பிளாக்பெரி முள் மூடியிருந்தது. ஆளுயர வளைவுகளாக எழுந்து, நுனி மண்ணில் படும் இடத்திலெல்லாம் வேர்விட்டு அடுத்த புதராகியிருந்தது. அதற்கு வெளியே கவுச் புல் மெத்தையாக விரிந்திருந்தது. வேலியோரமும் நடுவிலும் பைண்ட்வீட் கொடி காய்ந்து தொங்கியது. ஓரங்களில் ஆணிவேர்க் களையான டாக், தொட்டால் சுணைக்கும் நெட்டில். தாழ்ந்த கிழக்கு மூலையில் ஹார்ஸ்டெயில் என்ற ஆழ்வேர்க் களையின் காய்ந்த தண்டுகள்.

முள்ளை வெட்டும் வேலை மார்ச்சுக்கு முன் முடியவேண்டும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். கூடு கட்டி வாழும் பறவையின் கூட்டைக் கலைப்பது 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தடித்த தோல் கையுறை, நீளக் கத்திரி, முழங்கால் வரை சப்பாத்து இவையின்றி இறங்கவே கூடாது. முழங்கால் உயரத்துக்கு விட்டு வெட்டினால்தான் பிறகு அடிக்கட்டையைப் பிடித்து இழுத்துத் தோண்டமுடியும். தரையோடு வெட்டிவிட்டால் கட்டை எங்கே என்றே தெரியாது. இளவேனிலில் அது தானாகவே இடத்தைக் காட்டும், புதிய தளிர்களோடு.

புதருக்கு அடியில் பழைய கண்ணாடிக் கூடாரம் ஒன்று நொறுங்கிக் கிடந்தது. மண்ணோடு மண்ணாகக் கலந்த கண்ணாடிச் சில்லுகளை வாளி வாளியாகப் பொறுக்கினார்கள். இதுவும் இயந்திரத்துக்கு எதிரான ஒரு காரணம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நெளி சிமெண்டுத் தகடுகள் சிலவும் இருந்தன. பழைய கொட்டில்களின் கூரையில் இத்தகைய தகடு இருந்தால் அதில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். உடைக்காமல், அறுக்காமல், வளாகச் செயலாளருக்குச் சொல்லி முறைப்படி அகற்றுவிக்க வேண்டும். அப்படித்தான் செய்தார்கள்.

தகட்டைச் செயலாளர் கவனமாக நிமிர்த்தியபோது அடியில் செம்பு நிறத்தில் ஒன்று சுருண்டு கிடந்தது. பாம்பு என்று எல்லோரும் பின்வாங்கினார்கள். அது ஸ்லோ வேர்ம், காலில்லாத பல்லியினம். இமை மூடித் திறப்பதைப் பார்த்தே பாம்பல்ல என்று அறியலாம். நத்தைகளை, குறிப்பாகத் தோட்டத்தை அழிக்கும் ஓடில்லாத நத்தைகளைத் தின்னும். கொல்வது சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியமாகத் தோட்டத்துக்கு நட்டம். ஓர் ஓரத்தில் கட்டைகளையும் இலைகளையும் குவித்து அதற்கு இடம் விட்டார்கள்.

மூன்று கூறுகள்

முள் அகன்றதும் கணவர் ஒரு ரோட்டவேட்டரை, அதாவது சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடிக்கும் இயந்திரத்தை, நாள் வாடகைக்கு எடுத்து வந்தார். மேல்கூறு முழுவதையும் உழுது முடித்தார். பார்க்க அழகாக இருந்தது: கறுத்த, பொடிந்த, புல் தெரியாத மண். வழியால் போனவர்கள் பாராட்டினார்கள். அப்போதுதான் மாமனார் வந்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி விரித்தார். உள்ளங்கையில் வெள்ளைத் துண்டுகள்: கூரிய நுனியுள்ள கவுச் வேர்த்தண்டுகள், சதைப்பற்றுள்ள பைண்ட்வீட் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம்கூட இல்லை.

"பிள்ளை, இயந்திரத்தை நிறுத்தச் சொல். இது அறுகின் சாதி. வெட்ட வெட்டப் பெருகும்" என்றார் மருமகளிடம்.

அவர் சொன்னது சரி. கவுச் புல்லின் ஒவ்வொரு கணுவும் தனிச் செடியாக முளைக்கும். பைண்ட்வீட்டின் சிறு துண்டு போதும் புதுக்கொடிக்கு. ரோட்டவேட்டரின் கத்தி நூறு வேரை ஆயிரமாக்கி, சீராகத் தூவி, மண்ணால் மூடியும் விடுகிறது. பதியன் போடுவதற்கு இதைவிட நல்ல முறை கிடையாது. ஈரக் களிமண்ணில் ஓட்டினால் கத்தி எட்டும் ஆழத்துக்குக் கீழே மண் வழுவழுப்பான தகடாக இறுகி, நீர் இறங்காமலும் போகிறது. லண்டன் களிமண்ணில் அக்டோபரில் ஓட்டுவது இரண்டு கெடுதலையும் சேர்த்து வரவழைப்பது.

நடுக்கூற்றை மாமனார் எடுத்துக்கொண்டார். அவருடைய முதல் எண்ணம் ஊர் வழக்கம்தான்: கொத்திப் புரட்டி, வேர்களை மேலே கிடத்திக் காயவிடுவது. யாழ்ப்பாணத்துக் கோடை வெயிலில் அறுகின் வேர் சில நாட்களில் சருகாகிவிடும். லண்டனில் நவம்பர் மாதம் மேலே கிடந்த வேர் வாடக்கூட இல்லை. மழை ஈரத்தில் மறுபடி பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்ததும் முறையை மாற்றினார். இங்கே வெயிலை நம்ப முடியாது, எனவே வேர் மண்ணை விட்டு வெளியேறவேண்டும் என்று முடிவு செய்தார். நான்கு பல் ஃபோர்க்கால் மண்ணைத் தளர்த்தி, வேரின் ஒரு நுனியைப் பிடித்து, அறாமல் பின்தொடர்ந்து, மறுநுனி வரை எடுத்தார். கவுச்சின் வேர்த்தண்டு பெரும்பாலும் மேல் 15 சென்டிமீட்டரில் படுக்கையாக ஓடுவதால் இது கைகூடும் வேலை. டாக்கின் ஆணிவேரில் மேற்பகுதிதான் மறுபடி துளிர்க்கும். ஒரு சாண் வந்தால் போதும். பைண்ட்வீட் அப்படியல்ல. வயல் பைண்ட்வீட்டின் வேர் 2 மீட்டருக்கும் கீழே போகும். எவ்வளவு தோண்டினாலும் ஒரு பகுதி உள்ளே இருந்தே தீரும்.

எடுத்த வேர்களை உரக்குழியில் போடவில்லை. மூடியுள்ள பீப்பாயில் தண்ணீர் நிரப்பி அதில் அமிழ்த்தினார்கள். சில மாதங்களில் அது அழுகிக் கூழாகி, பின்பு அச்சமின்றி உரக்குவியலில் ஊற்றக்கூடியதானது. நாற்றம் கடுமையானது, பீப்பாயைக் காற்றோட்டமான மூலையில் வைப்பது நல்லது.

கீழ்க்கூறு மூன்றில் பெரியது, கிட்டத்தட்ட நிலத்தின் பாதி. அதற்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அதைத் தொடாமல் மூடிவிடச் சொன்னேன். சைக்கிள் கடைகளிலிருந்து பெரிய அட்டைப்பெட்டிகளை வாங்கி, பிளாஸ்டிக் ஒட்டுநாடாவையும் கம்பி ஆணிகளையும் நீக்கி, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று நன்றாக ஏறும்படி இரண்டு அடுக்காகப் பரப்பினார்கள். அதன் மேல் பண்ணைகளில் பயன்படும் தடித்த கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு, ஓரங்களில் செங்கல். நெய்த விரிப்பை வாங்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வேர்கள் அதன் இழைகளுக்குள் புகுந்து பின்னிக்கொள்ளும், பழசானால் நூல்நூலாகப் பிரிந்து மண்ணில் கலக்கும். பழைய கம்பளத்தைப் போடுவோரும் உண்டு. செயற்கை இழையும் சாயமும் மண்ணில் இறங்குவதால் பல வளாகங்கள் அதைத் தடை செய்துவிட்டன.

நிலத்தைச் சுற்றி மண்வெட்டி அளவு ஆழத்துக்கு ஒரு சிறு வாய்க்காலும் வெட்டினார்கள். நடைபாதைப் புல்லிலிருந்துதான் கவுச் திரும்பத் திரும்ப உள்ளே வரும். இந்த வாய்க்காலை ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை சீர் செய்தால் அந்த வழி அடைபடும். இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு பலன் தரும் வேறொரு வேலையை நான் அறியேன்.

முதல் கோடை

ஏப்ரலில் மேல்கூறு பச்சையாகத் தொடங்கியது. முதலில் ஒரே அளவில் ஆயிரக்கணக்கான சிறு நாற்றுகள்: ஃபாட் ஹென், அதாவது நம் சக்கரவர்த்திக் கீரை. ஆண்டுக்கணக்காகப் புதைந்திருந்த விதைகளை இயந்திரம் மேலே கொண்டுவந்து வெளிச்சம் காட்டியதன் விளைவு. மருமகள் இளம் தளிரைக் கிள்ளிப் பருப்போடு சமைத்தார், நன்றாகவே இருந்தது. ஆனால் அதற்கு அடியில் கவுச் ஊசிகளாக எழுந்தது. ஜூனில் பைண்ட்வீட் எங்கும் வந்தது. முன்பு வேலியோரத்தில் சில இடங்களில் இருந்தது இப்போது கையகலத்துக்கு ஒரு முளை. விதைத்த வெங்காயமும் காரட்டும் கொடிகளுக்குள் காணாமல் போயின.

நடுக்கூற்றில் மார்ச் இறுதியில் சீக்கிரம் விளையும் உருளைக்கிழங்கை நட்டார்கள். உருளைக்கிழங்கு நிலத்தைச் சுத்தம் செய்யும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். செடிக்கு அப்படி ஒரு சக்தியும் கிடையாது. நடும்போது ஒரு தடவை, மண் அணைக்கும்போது சில தடவை, கிழங்கு எடுக்கும்போது ஒரு தடவை என்று அந்த மண்ணை நாம் கிளறிக்கொண்டே இருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் விடுபட்ட வேர் கையில் அகப்படுகிறது. சுத்தம் செய்வது அந்தக் கைதான். ஜூலைக்குள் கிழங்கை எடுத்துவிட்டதால், ஈரமான கோடையின் பிற்பகுதியில் பரவும் பிளைட் நோயிலிருந்தும் தப்பியது. எடுத்த இடத்தில் அன்றே கீரை விதைத்தார்கள். தண்டுக்கீரைக்கு மண் சூடாக இருக்கவேண்டும். ஜூன், ஜூலையில் விதைத்தால்தான் இங்கே அது ஒழுங்காக எழும்பும்.

கீழ்க்கூறு மூடியபடி இருந்தாலும் வெறுமையாக இருக்கவில்லை. பனி பயம் நீங்கிய மே இறுதியில் விரிப்பில் இடைவெளி விட்டு ஓட்டை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு குழி தோண்டி உரமிட்டுப் பூசணி நட்டார்கள். நான்கு கன்று போதுமானதாக இருந்தது. கொடி ஓடி முழு விரிப்பையும் மூடிவிட்டது. ஓட்டைகளின் வழியே தலைநீட்டும் களையை மட்டும் வாரம் தவறாமல் பிடுங்கவேண்டும். அதை விட்டால் இருட்டில் வைத்த பயனே போய்விடும்.

இந்தப் பூசணிதான் நிலத்தையும் காப்பாற்றியது. கோடை நடுவில் பரிசோதனை நடந்து, பயிரிடப்படாத பகுதி அதிகம் என்று கடிதம் வந்தது. குடும்பம் கலங்கிப்போனது. மூடியிருப்பது பராமரிப்பின் ஒரு கட்டம் என்றும், அதில் பூசணி விளைகிறது என்றும், எந்தக் கூற்றை எப்போது திறக்கப்போகிறோம் என்றும் ஒரு பக்கத்தில் எழுதி, அக்டோபரிலிருந்து எடுத்த படங்களையும் இணைத்து அனுப்பச் சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள். சாவி வாங்கும் நாளிலேயே ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து, பின் மாதம் ஒன்று எடுத்து வைப்பது எல்லோருக்கும் நல்லது. பரிசோதகர் பார்ப்பது ஒரு நாளின் நிலையை. வந்த தூரத்தைக் காட்டுவது நம் பொறுப்பு.

எரு பற்றி ஒரு எச்சரிக்கை

குதிரை லாயம் ஒன்றிலிருந்து இலவசமாகக் குதிரை எரு கிடைத்தது. பரப்புவதற்கு முன் சோதிக்கவேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். புல்வெளிகளில் அகன்ற இலைக் களைகளைக் கொல்ல அடிக்கும் அமினோபைராலிட் என்ற மருந்து புல்லில் தங்கி, குதிரையின் வயிற்றைக் கடந்து, எருவிலும் செயலிழக்காமல் இருக்கும். இதனால் தோட்டங்கள் பாதிக்கப்பட்டு 2008இல் பிரிட்டனில் இதன் விற்பனையே நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் கட்டுப்பாடுகளோடு மீண்டும் அனுமதித்தார்கள்.

சோதனை எளிது. சில சட்டிகளில் எருவும் கடையில் வாங்கிய மக்கிய பசளையும் சமமாகக் கலந்து, வேறு சிலவற்றில் பசளை மட்டும் நிரப்பி, எல்லாவற்றிலும் அவரை விதைக்கவேண்டும். சட்டிகளுக்குக் கீழே தனித்தனித் தட்டு வைத்து, நீர் கலக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். மூன்று நான்கு வாரங்களில் முடிவு தெரியும். இங்கே எருச் சட்டிகளில் இரண்டாம் ஜோடி இலை விரியவே இல்லை; விளிம்பு உள்வாங்கிச் சுருண்டு, நரம்புகள் ஒட்டி, நுனி கிண்ணம் போலக் குவிந்தது. மற்றச் சட்டிகளில் இலை உள்ளங்கை அகலம். அந்த எருவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உருளைக்கிழங்கு, தக்காளி, அவரை, மிளகாய் எல்லாம் இந்த மருந்துக்கு எளிதில் பலியாகும் பயிர்கள். எருவை முதலில் பரப்பியிருந்தால் களையைப் பற்றிப் பேசவே இடமிருந்திருக்காது.

இரண்டாம் ஆண்டு

கீழ்க்கூற்றின் விரிப்பை இலையுதிர் காலத்தில் ஒரு பக்கமாகத் தூக்கினோம். அட்டை முழுவதும் மண்புழு தின்று முடிந்திருந்தது. கவுச் மெத்தை மக்கி, விரலால் இழுத்தால் வரும் பழுப்புநிற நாராகியிருந்தது. பைண்ட்வீட் மட்டும் சாகவில்லை. வெளிச்சம் தேடி மண்ணின் மேற்பரப்புக்கு ஏறி, வெளிறிய நீள இழைகளாகப் பரவிக் கிடந்தது. தோண்டத் தேவையில்லை, கையால் வாரியெடுக்கலாம். மாமனார் முழங்காலிட்டு ஒரு மணி நேரத்தில் எடுத்த அளவை, முந்திய குளிர்காலத்தில் நடுக்கூற்றில் எடுக்க அவருக்குப் பல நாள் பிடித்திருந்தது. வாரியெடுத்தபின் பெரும்பகுதியை மறுபடி மூடினோம். கவுச்சுக்கு ஒரு முழு வளர்காலம் இருட்டு போதும், பைண்ட்வீட்டுக்கு இரண்டாவது வேண்டும், சில நேரம் மூன்றாவதும்.

திறந்து விட்ட இடத்தில் கிண்டாத முறையில் இரண்டு பாத்திகள் அமைத்தார்கள். சாமர்செட்டில் காய்கறி விளைவிக்கும் சார்ல்ஸ் டௌடிங்கால் இங்கே பரவலாக அறியப்பட்ட முறை இது: மண்ணைக் கொத்தாமல், அட்டை பரப்பி, மேலே 15 சென்டிமீட்டர் மக்கிய உரம் போட்டு, அதிலேயே நடுவது. முறை நல்லது, கணக்குத்தான் கடினம். 15 சென்டிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 150 லிட்டர், அதாவது 50 லிட்டர் மூட்டை மூன்று. 125 சதுர மீட்டரையும் அப்படி மூட 375 மூட்டை வேண்டும். சாதாரணக் குடும்பத்தால் முடியாது. 1.2 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளத்தில் இரண்டு பாத்தி என்றால் 29 மூட்டைக்குள் அடங்கும். நடைபாதைகளுக்கு மரம் வெட்டுபவர்கள் இலவசமாகக் கொட்டும் மரச்சிராய் போதும். இந்தப் பாத்திகளில் வெங்காயம், பீட்ரூட், வெந்தயக்கீரை மூன்றும் சிறப்பாக வந்தன. மேலே ஏறிவந்த சில பைண்ட்வீட் முளைகளை வாரந்தோறும் விரலால் கிள்ளியதோடு சரி.

நடுக்கூறு இரண்டாம் ஆண்டில் வளாகத்திலேயே நன்றாக இருந்த நிலங்களில் ஒன்று. களை இல்லாமலில்லை, ஆனால் தலைகாட்டும் போதே உழவாரத்தால் சீவப்பட்டுவிடும். அந்த ஒழுங்கு மாமனாரிடம் இருந்தது. வாரத்தில் நான்கைந்து நாள் நிலத்துக்கு வரக்கூடிய ஒருவர் இருந்தால்தான் இந்த முறை நிற்கும். முழுநேர வேலைக்குப் போகும் இருவர் அந்தக் கூற்றை மட்டும் பார்த்துவிட்டு முழு நிலத்தையும் ஃபோர்க்கால் எடுக்க நினைத்தால் ஏப்ரலுக்குள் மனம் உடைந்து சாவியைத் திருப்பிக் கொடுப்பார்கள். அப்படிக் கொடுத்தவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். அவர்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை. நிலம் முழுவதையும் முதல் ஆண்டிலேயே தொட்டதுதான் காரணம். எனக்கு அதைப் பார்ப்பது பெரிய வருத்தம்.

மேல்கூற்றைக் கணவர் இரண்டாம் ஆண்டு இளவேனிலில் கீழ்க்கூறு போலவே மூடினார். அங்கே இருட்டு மற்ற இடத்தைவிட அதிக காலம் தேவைப்படும் என்பது என் கணிப்பு, ஏனெனில் கொடி இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. இரண்டு கோடை பூசணி, அதன் பின் ஓர் ஆண்டு உருளைக்கிழங்கு, அதன் பின்பே சிறு விதைப் பயிர் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். தொடாமலே விட்ட கீழ்க்கூறு, உழுத மேல்கூற்றைவிட இரண்டு ஆண்டு முன்னால் நிற்கிறது.

கிழக்கு மூலையின் ஹார்ஸ்டெயில் தீரவில்லை. அதன் வேர்த்தண்டு 2 மீட்டர் ஆழம் வரை போகும். தோண்டவும் முடியாது, ஓரிரு ஆண்டு மூடினாலும் சாகாது. அந்த மூலையில் பிளாக்கரண்ட் பழப் புதர்களை நட்டு, அடியில் தடிப்பாக மரச்சிராய் போட்டு, எழும் தண்டை மாதம் இருமுறை தரையோடு வெட்டி வருகிறார்கள். ஹார்ஸ்டெயில் உயரத்தில் சிறிது, நிழல் அவ்வளவாகத் தராது. நன்றாக வேர்பிடித்த புதருக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. சென்ற ஜூலையில் அந்த மூலையிலிருந்துதான் முதல் பழம் வந்தது.